டேவிஸ்: ஒரு கல்லூரி ஊரில் யார் எதை முடிவு செய்கிறார்கள்?

கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது டேவிஸ். தக்காளி வயலும் பாதாம் தோப்பும் சூழ்ந்த சமவெளி ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 67,000-க்குச் சற்றுக் குறைவு. ஊரை ஒட்டியே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். வேளாண்மையிலும் கால்நடை மருத்துவத்திலும் உலகம் அறிந்த இடம் என்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகளும் ஆராய்ச்சிப் படிப்புக்கு அங்கே போகிறார்கள். போனவர்களை முதலில் திணற வைப்பது பாடமல்ல, வாடகை.

அந்த வாடகை ஏன் அப்படி இருக்கிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், அந்த முடிவு எடுக்கும் இடத்தில் மாணவருக்கு இடம் உண்டா என்று பார்த்தால் சிறிய கல்லூரி ஊர் ஒன்று எப்படி நடக்கிறது என்பது முழுவதுமே விளங்கிவிடும். கவர்னர் தேர்தலையும் அதிபர் தேர்தலையும் உலகமே பார்க்கிறது. ஆனால் ஒருவர் எங்கே குடியிருக்கலாம், எந்தத் தெருவில் பத்திரமாக சைக்கிள் ஓட்டலாம், குழாயில் என்ன தண்ணீர் வரும் என்பதையெல்லாம் ஐந்து பேர் கொண்ட ஒரு நகரமன்றம்தான் முடிவு செய்கிறது.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டேவிஸ் வளாகத்தின் பெரும்பகுதி டேவிஸ் நகரத்துக்குள் இல்லை. வடக்கே ரஸ்ஸல் புலவார்ட், கிழக்கே ஏ தெரு என்று சாலைகளே எல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நகராட்சி. அந்தப் பக்கம் யோலோ கவுண்டிக்கு உட்பட்ட, எந்த நகராட்சியிலும் சேராத நிலம். ஆகவே பிரதான வளாகத்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவர், அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், டேவிஸ் நகரமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. கவுண்டிக்கும் பள்ளி வாரியத்துக்கும் மாநிலத்துக்கும் வாக்களிக்கலாம். தினமும் நடந்து போகும் கடைத்தெருவை ஆளும் மன்றத்துக்கு மட்டும் முடியாது. அதே மாணவர் இரண்டாம் ஆண்டில் விடுதியை விட்டுச் சாலையைக் கடந்து ஒரு அபார்ட்மென்டுக்குக் குடிபோனால் அன்றிலிருந்து ஊர்க்காரர் ஆகிவிடுகிறார்.

இந்த அமைப்பு வந்ததற்கு வரலாறு இருக்கிறது. 1868-இல் ரயில் வந்தபோது உண்டான ஊர் இது. அங்கே நிலம் வைத்திருந்த ஜெரோம் டேவிஸ் என்ற விவசாயியின் பெயரால் முதலில் டேவிஸ்வில் என்று அழைக்கப்பட்டது. 1905-இல் மாநிலச் சட்டமன்றம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பண்ணை வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மறுவருடம் டேவிஸ்வில்லைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் முறையாக நகராட்சி ஆனது 1917-இல்தான். பண்ணை மூத்தது, நகராட்சி இளையது. 1959-இல் அந்தப் பண்ணைக் கல்லூரி எல்லாத் துறைகளும் கொண்ட முழு வளாகமாக உயர்ந்தபோது, அதற்குத் தக்கபடி ஊரும் பெருகத் தொடங்கியது.

எல்லைக் கோட்டைவிட முக்கியமானது அதிகாரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசியல் சாசனத்திலேயே தன்னாட்சி உண்டு. அதை ஆள்வது ரீஜென்ட்ஸ் என்ற குழு. அதில் 18 பேரை கவர்னர் நியமிக்கிறார், ஒவ்வொருவருக்கும் பதவிக்காலம் 12 ஆண்டு. பல்கலைக்கழகம் தன் நிலத்தில் எதைக் கட்டினாலும் நகராட்சியின் கட்டட மண்டல விதி அதைக் கட்டுப்படுத்தாது. அது சொத்து வரியும் கட்டுவதில்லை. அதற்குச் சொந்தக் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் இருக்கின்றன. இந்த ஆண்டு எத்தனை மாணவர்களைக் கூடுதலாகச் சேர்ப்பது என்பதில் நகரமன்றத்துக்கு ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வீடு தேடி வருவது நகரமன்றம் ஆளும் தெருக்களுக்குத்தான்.

இந்தப் பிரிவினை வெளியுலகுக்குத் தெரியாது என்பது 2011 நவம்பர் 18 அன்று வெளிப்பட்டது. கட்டண உயர்வை எதிர்த்து வளாக மைதானத்தில் கைகோத்து உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் ஒரு காவலர் மிளகுக் கரைசலை நிதானமாகப் பீய்ச்சியடித்த காட்சி உலகம் முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் பலர் டேவிஸ் நகரப் போலீஸ் என்றே நினைத்தார்கள். பீய்ச்சியவர் பல்கலைக்கழகக் காவல்துறையைச் சேர்ந்தவர். நகரமன்றத்துக்கு அவர்மேல் எந்த அதிகாரமும் இல்லை. மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி க்ரூஸ் ரெய்னோசோ தலைமையிலான குழு 2012 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. அந்தச் சம்பவத்தைத் தவிர்த்திருக்க முடியும், தவிர்த்திருக்க வேண்டும் என்று அது கண்டறிந்தது. அதே ஆண்டில் பல்கலைக்கழகம் சுமார் 10 லட்சம் டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. ஊரின் பெயர் கெட்டது. ஆனால் விசாரித்ததும் இழப்பீடு கொடுத்ததும் சாலைக்கு அந்தப் பக்கத்து நிர்வாகம்.

இனி சாலைக்கு இந்தப் பக்கம் வருவோம். நகராட்சி அலுவலகம் ரஸ்ஸல் புலவார்டிலேயே, முன்பு உயர்நிலைப் பள்ளியாக இருந்த பழைய கட்டடத்தில் இயங்குகிறது. மன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். 2020 நவம்பர் தேர்தலுக்கு முன்பு ஊர் முழுவதும் சேர்ந்து எல்லோரையும் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்தல் முதல் வார்டுக்கு ஒருவர் என்று ஆகிவிட்டது. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்களில் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கிறார். அன்றாட நிர்வாகத்தை நடத்துவது சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட நகர மேலாளர். மன்றம் கொள்கை வகுக்கும், அவர் நடத்துவார்.

மன்றக் கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடும். அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். இது நகரமன்றம் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த சலுகை இல்லை. பிரவுன் சட்டம் என்ற 1953-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் கொடுத்த உரிமை. வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தை மன்றம் அன்று முடிவு செய்யக் கூடாது. பெரும்பான்மை உறுப்பினர்கள் தனியாகக் கூடி மன்ற விவகாரத்தைப் பேசி வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சட்டம் பிறந்ததற்குக் காரணம் ஒரு நிருபர். 1952-இல் சான் பிரான்சிஸ்கோ க்ரானிகிள் நாளிதழில் மைக்கேல் ஹாரிஸ், மாநிலத்து உள்ளாட்சி மன்றங்கள் எப்படி ரகசியக் கூட்டம் போட்டு முடிவெடுக்கின்றன என்று தொடர் எழுதினார். அதைப் படித்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் மசோதா கொண்டுவந்தார். உள்ளூர்ச் செய்தி என்றால் விபத்தும் விழாவும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. வீடு கைமாறும் வரை வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எனவே நகராட்சி விற்பனை வரியை நம்ப வேண்டியிருக்கிறது. ஊருக்குள் பெரிய அங்காடிகள் அதிகம் இல்லாத டேவிஸுக்கு அதிலும் வருமானம் மட்டு. 2006-இல் டார்கெட் அங்காடி வரலாமா என்பதற்கே ஊர் வாக்கெடுப்பு நடத்தி, மிகக் குறுகிய வித்தியாசத்தில் அனுமதித்தது. ஒரு கடைக்கு ஊரே வாக்களித்தது என்பதிலிருந்து டேவிஸ்காரர்களின் சுபாவத்தை ஊகிக்கலாம். எதையும் தங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியானவர்கள்.

அந்த உறுதியின் உச்சம் மெஷர் ஜே. இந்த ஊரில் யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்தில் இந்தப் பெயர் வந்துவிடும்.

கலிஃபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்படும் உள்ளூர்த் தீர்மானங்களை மெஷர் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து கிடைக்கும். 2000 மார்ச்சில் நிறைவேறிய மெஷர் ஜே சொன்னது இதுதான்: ஊரின் ஓரத்தில் உள்ள விளைநிலத்தையோ திறந்தவெளியையோ குடியிருப்பாகவோ வணிக இடமாகவோ மாற்ற வேண்டுமானால், நகரமன்றம் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, ஊர் மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். முதல் முறை பாதிக்குச் சற்று மேல் ஆதரவு பெற்று நிறைவேறியது. காலாவதியாகும் தறுவாயில் 2010-இல் மெஷர் ஆர் என்ற பெயரில் புதுப்பித்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆதரவு. 2020-இல் மெஷர் டி என்ற பெயரில் மறுபடி புதுப்பித்தபோது ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டியது. பெயர் மாறினாலும் ஊர் வாயில் அது இன்னும் மெஷர் ஜேதான்.

இந்தச் சட்டம் வெறும் பிடிவாதத்தில் வந்ததில்லை. டேவிஸைச் சுற்றியிருப்பது உலகத்தின் மிக நல்ல விளைநிலங்களில் ஒன்று. பல்கலைக்கழகம் இங்கே பண்ணை வைத்ததற்கும் அந்த மண்தான் காரணம். தக்காளியை இயந்திரத்தால் அறுவடை செய்யும் முறை இந்த வளாகத்தில்தான் உருவானது. சான் பிரான்சிஸ்கோவையும் சாக்ரமென்டோவையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் ஓரத்து ஊர்கள் வயலை விழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை டேவிஸ் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். தங்கள் ஊருக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று நினைத்தார்கள். விளைநிலத்தை மனையாக்கி விற்கும் வேகத்தைப் பார்த்து வயிறெரிந்த எவருக்கும் இந்த அக்கறை புரியும். எனக்கும் புரிகிறது. ஒருமுறை கான்கிரீட் போட்ட வயல் திரும்ப வயலாவதில்லை.

ஆனால் அந்தச் சட்டம் நடைமுறையில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2005 நவம்பரில் கோவல் வில்லேஜ் என்ற திட்டம் வந்தது. 1,800-க்கும் மேற்பட்ட வீடுகள். பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். 2009-இல் வைல்ட்ஹார்ஸ் ராஞ்ச், 191 வீடுகள். நான்கில் மூன்று பேர் எதிர்த்தார்கள். 2016 ஜூனில் நிஷி என்ற நிலம். வளாகத்துக்கும் ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் மாட்டிய துண்டு அது. மாணவர் குடியிருப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் இல்லை. சில நூறு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அதே நிலத்துக்கு 2018-இல் மாணவர்களுக்கென்றே சுமார் 2,200 படுக்கைகள் என்று திருத்திய திட்டத்தைக் கொண்டுவந்தபோது மக்கள் சம்மதித்தார்கள். சம்மதம் கிடைத்து ஐந்து ஆண்டு கழித்தும் அங்கே கட்டுமானம் தொடங்கவில்லை. ஊரின் கிழக்கு ஓரத்தில் ஆராய்ச்சிக் கம்பெனிகளுக்கும் வீடுகளுக்குமாக ஒரு பெரிய வளாகம் கட்டும் திட்டம் 2020 நவம்பரில் குறுகிய வித்தியாசத்தில் தோற்றது. பாதியளவாகக் குறைத்து 2022 ஜூனில் மறுபடி வந்தபோது இன்னும் மோசமாகத் தோற்றது.

இடையில் மாணவர் சேர்க்கை ஏறிக்கொண்டே போனது. 2015, 2016-இல் பல்கலைக்கழகம் எடுத்த கணக்கெடுப்பில் ஊரின் அபார்ட்மென்டுகளில் காலியாக இருந்தவை 0.2 சதவீதம். ஆயிரம் வீட்டுக்கு இரண்டு. ஐந்து சதவீதமாவது காலியாக இருந்தால்தான் குடியிருப்பவருக்குப் பேரம் பேச இடமிருக்கும் என்பது பொதுக் கணக்கு. டேவிஸில் வாடகைக்கு எடுக்கும் வழக்கமும் தனி. பெரும்பாலான குத்தகைகள் செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடியும். அந்த செப்டம்பருக்கான வீட்டை முந்தைய குளிர்காலத்திலேயே ஓடிப்பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சமயத்தில் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டு மாணவர் கோடையில் வந்து தேடினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். அறையைப் பகிர்ந்து, கூடத்தைத் திரை போட்டுப் பிரித்துத் தங்குகிறார்கள். முடியாதவர்கள் வுட்லண்ட், டிக்ஸன், சாக்ரமென்டோ என்று பக்கத்து ஊர்களில் தங்கி வந்து போகிறார்கள். டேவிஸ் ஓரத்து வயல் பிழைத்தது, நெடுஞ்சாலையில் கார் கூடியது.

மெஷர் ஜேயில் என்னை உறுத்தும் நியாயக் குறை ஒன்று உண்டு. வயலைக் காக்க வேண்டும் என்பதில் குறை இல்லை. யார் வாக்களிக்கிறார்கள் என்பதில்தான் குறை. சொந்த வீடு உள்ளவர் இருபது ஆண்டு அதே ஊரில் இருக்கிறார், ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் கலந்துகொள்கிறார், புதுவீடு வராவிட்டால் அவர் வீட்டின் மதிப்பு ஏறுகிறது. மாணவர் நான்கு ஆண்டு இருப்பார். அதில் முதல் ஆண்டு விடுதியில், அதாவது ஊருக்கு வெளியே. ஜூன் மாத வாக்கெடுப்பு பருவத் தேர்வை ஒட்டி வருகிறது. 2020 நவம்பரில் கொரோனாவால் வகுப்புகள் இணையத்தில் நடக்க, ஏராளமான மாணவர்கள் ஊரிலேயே இல்லை. இன்னும் அனுமதிக் கடிதம் கைக்கு வராத, அடுத்த ஆண்டு வரப்போகும் மாணவருக்கு எந்தத் தேதியிலும் வாக்கு இல்லை. வாடகையைக் கொடுக்கப் போகிறவர் அவர்தான். சேர்க்கையை முடிவு செய்வது ரீஜென்ட்ஸும் பல்கலைக்கழகமும். வீட்டை முடிவு செய்வது நிரந்தரக் குடியிருப்பாளர்கள். இரண்டிலும் சேராதவர் விலை கொடுக்கிறார்.

ஊரார் தரப்பிலும் நியாயமான ஒரு கேள்வி எழுந்தது. மாணவர்களைச் சேர்ப்பது பல்கலைக்கழகம் என்றால் தங்குமிடத்தையும் அதுவே கட்டட்டுமே? இடமா இல்லை, 5,000 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிறதே? 2010-களின் நடுவில் மாணவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட வளாகத்தில் இடமில்லை. மொத்த மாணவரில் பாதிப் பேருக்கும், புதிதாகக் கூடும் எண்ணிக்கை முழுவதற்கும் வளாகத்திலேயே இடம் வேண்டும் என்று ஊர் கேட்டது. பல மாத இழுபறிக்குப் பிறகு 2018-இல் நகராட்சியும் கவுண்டியும் பல்கலைக்கழகமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பாதி என்று கேட்டதற்கு 48 சதவீதம் என்ற இலக்கைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு வேலை நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வளாகத்தின் மேற்கே தி க்ரீன் என்ற பெயரில் 3,000-க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட குடியிருப்பு 2020, 2021-இல் திறக்கப்பட்டது. நகரமன்றமும் தன் பங்குக்கு, மக்கள் வாக்கெடுப்பு தேவைப்படாத ஊருக்குள் இருந்த மனைகளில் 2017-இலிருந்து மாணவர் குடியிருப்புகளுக்கு அனுமதி கொடுத்தது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விளைவு இருக்கிறது. மாணவர்களை வளாகத்துக்குள் குடியமர்த்தக் குடியமர்த்த அவர்கள் ஊரின் வாக்காளர் பட்டியலிலிருந்து விலகுகிறார்கள். மேற்குப் பகுதிக் குடியிருப்புகள் பல்கலைக்கழக நிலத்தில் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர் நகரமன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. அந்தப் பகுதியை ஊரோடு இணைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது, நடக்கவில்லை. தலைக்குமேல் கூரை கிடைத்தது நல்லதே. ஆனால் ஊர் விவகாரத்தில் மாணவரின் குரல் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. இந்த உடன்பாட்டைக் கொண்டாடியவர்கள் இதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வளாகக் குடியிருப்புகளை நகர எல்லைக்குள் சேர்த்து, சேவைச் செலவுக்குப் பல்கலைக்கழகம் ஒரு தொகை கொடுக்கும்படி ஏற்பாடு செய்வதே நேரான வழி.

மாணவர் வாக்குக்கு என்ன பலம் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. அமெரிக்காவில் வாக்களிக்கும் வயது 18 ஆனது 1971-இல். அடுத்த ஆண்டே டேவிஸ் நகரமன்றத் தேர்தலில் மாணவர் ஆதரவோடு பாப் பிளாக் என்ற இளைஞர் உள்பட மூன்று புதியவர்கள் வென்று, மன்றத்தின் போக்கையே மாற்றினார்கள். வெயிலையும் நிழலையும் கணக்கிட்டு வீடு கட்ட வேண்டும், மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்ற கட்டட விதியை 1970-களின் நடுவிலேயே கொண்டுவந்து டேவிஸ் நாட்டுக்கு முன்மாதிரியானது. அதற்கான ஆய்வைச் செய்தவர்கள் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். இரு பக்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அந்தப் பத்தாண்டு காட்டியது.

சைக்கிள் பாதையின் கதையும் அப்படித்தான். 1960-களின் தொடக்கத்தில் வளாகத்தின் சான்சலராக இருந்த எமில் மிராக், புதிதாக வரும் மாணவர்கள் சைக்கிளோடு வருமாறு கேட்டுக்கொண்டார். சைக்கிள்கள் பெருகின. கார்களும் பெருகின. தெருவில் ஆபத்து கூடியது. நெதர்லாந்தில் சில காலம் இருந்துவிட்டு வந்த ஃபிராங்க் சைல்ட், ஈவ் சைல்ட் தம்பதியும் நண்பர்களும் சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்டு மனு கொடுத்தார்கள். அன்றைய மன்றம் செவி சாய்க்கவில்லை. அவர்கள் 1966 தேர்தலில் அதையே பிரச்சினையாக்கி, சைக்கிள் பாதையை ஆதரித்த வேட்பாளர்களை ஜெயிக்க வைத்தார்கள். சாலையில் கோடு போட்டுச் சைக்கிளுக்கு ஒதுக்க மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்றதும் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 1967-இல் அமெரிக்காவின் முதல் சைக்கிள் தடங்கள் டேவிஸ் தெருக்களில் வந்தன. தடத்தின் அகலம் எவ்வளவு, சந்திப்பில் எப்படித் திருப்புவது என்று ஆராய்ந்து சொன்னவர்கள் பல்கலைக்கழகப் பொறியாளர்கள். ஒரு மனு, ஒரு தேர்தல், ஒரு சட்டத் திருத்தம், கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட். மூன்று ஆண்டுகளுக்குள் முடிந்த காரியம், அறுபது ஆண்டாகப் பயன் தருகிறது.

இவையெல்லாம் ஊருக்கு எப்படித் தெரியவருகிறது? டேவிஸ் என்டர்பிரைஸ் 1897-இலிருந்து வரும் பத்திரிகை, நகராட்சியைவிட இருபது ஆண்டு மூத்தது. ஒரு சிறிய குடும்ப நிறுவனத்தின் கையில் இருக்கிறது. விளம்பர வருமானம் சுருங்கியதால் அச்சாகும் நாட்களைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. கலிஃபோர்னியா ஆகி என்ற மாணவர் பத்திரிகை 1915-இலிருந்து வருகிறது. 2006-இல் தொடங்கிய டேவிஸ் வான்கார்ட் நகரமன்றத்தையும், மாணவத் தொண்டர்களைக் கொண்டு கவுண்டி நீதிமன்றத்தையும் உட்கார்ந்து கவனிக்கிறது. இந்த அளவுள்ள பல அமெரிக்க ஊர்களில் இப்போது ஒரு பத்திரிகைகூட இல்லை. அந்த வகையில் டேவிஸ் கொடுத்துவைத்த ஊர்.

உள்ளூர் நிருபர் மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதே ஒரு காவல். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிளகுக் கரைசல் விவகாரத்தின் பின்கதையே சாட்சி. இணையத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடினால் அந்தப் படங்கள் முதலில் வராதபடி செய்ய, ஆலோசனை நிறுவனங்களுக்குக் குறைந்தது 1,75,000 டாலர் செலவிடப்பட்டிருந்தது. இதைப் பல்கலைக்கழகம் தானாகச் சொல்லவில்லை. சாக்ரமென்டோ பீ நாளிதழ் பொது ஆவணங்களைக் கேட்டு வாங்கி 2016 ஏப்ரலில் வெளியிட்டது. விசாரணை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சான்சலர் லிண்டா கடேஹி பதவி விலகினார். பக்கத்து நகரத்துப் பெரிய பத்திரிகைக்கு ஆள்பலமும் வழக்கறிஞரும் இருந்ததால் முடிந்தது. இரண்டு மூன்று நிருபர்களை வைத்து நடத்தும் ஊர்ப் பத்திரிகைக்கு இத்தகைய வேலையைச் செய்யத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை சந்தாதாரர்தான் கொடுக்க முடியும்.

டேவிஸுக்குப் போகும் மாணவருக்கும் அவரை அனுப்பும் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இவை. அனுமதி கிடைத்த வாரமே வீடு தேடத் தொடங்குங்கள், கோடைவரை காத்திருக்க வேண்டாம். வளாகக் குடியிருப்பா, ஊருக்குள் அபார்ட்மென்டா என்று பார்க்கும்போது வாடகையோடு குத்தகைத் தேதிகளையும் பாருங்கள். ஆகஸ்ட் 31-க்கும் அடுத்த வீட்டில் நுழையும் நாளுக்கும் இடையே இடைவெளி விழலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த, குடியுரிமை உள்ள நம் பிள்ளைகள் ஊருக்குள் குடிபோனதும் அந்த முகவரியில் வாக்காளராகப் பதிய வேண்டும். கலிஃபோர்னியாவில் பதிவு செய்த எல்லோருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருகிறது, தேர்வு இருக்கிறது என்று விட்டுவிட வேண்டியதில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கு கிடையாது. ஆனால் நகரமன்றக் கூட்டத்தில் பேச வாக்குரிமையோ குடியுரிமையோ தேவையில்லை. விசாவையும் கேட்க மாட்டார்கள், பெயரைச் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்த முடியாது. ரஸ்ஸல் புலவார்டைக் கடந்து செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் பழைய பள்ளிக் கட்டடத்துக்குப் போங்கள். அஜெண்டாவில் வீட்டு விவகாரம் வரும் நாளில் உங்களுக்குக் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் உங்கள் வாடகை எவ்வளவு, எத்தனை பேர் ஓர் அறையில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.